பந்தல்குடியில் கேட்ட அர்த்தம்

பந்தல்குடியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. உச்சி வெயில். டீக்கடை வாசலில், கட்டிலில், கடைக்காரம்மாவின் கணவர் கண்மூடிக் கிடக்கிறார். லாரி மோதியதிலிருந்து ஆறு மாதமாக இப்படித்தானாம்.

"டாக்டரு 'கான்ஷியஸ் இல்ல'ன்னுட்டாரு. அப்படின்னா என்ன சார்? நீங்க படிச்சவுகளாத் தெரியுது."

எனக்குள்ளிருக்கும் இங்கிலீஷ் வாத்தியார் சும்மா இருப்பாரா? "கான்ஷியஸ்னா நினைவோட இருக்கிறதும்மா. லத்தீன்லேருந்து வந்த வார்த்தை. இன்னொருத்தரோட சேர்ந்து தெரிஞ்சுக்கிறதுன்னுதான் அதோட பழைய அர்த்தம்."

கடைக்காரம்மாவின் முகம் தெளிகிறது. "அப்ப டாக்டரு சொன்னது தப்பு. நாங்க எதையும் சேந்துதான தெரிஞ்சுக்கிறோம்."

டீயை வாங்கிக் குடிக்கிறேன். துளியும் இனிப்பில்லை. நிமிர்ந்து பார்க்கிறேன்.

"உங்களுக்குச் சீனி ஆகாதாமே. இப்பத்தான் அவுக சொன்னாக."

கட்டிலில் அசைவில்லை. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை என் மனைவியிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை.