ரெக்கார்டு அறையைக் காலி செய்தது

பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த என் அம்மா, சென்ற ஆவணியில் வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இனி அவங்களத் தனியா உட வேண்டாங்க. படி ஏறாத ரூம் வேணும். பக்கத்துலயே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கோணும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எந்த அறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஓர் அறைதான் இருக்கிறது. என் மாமனாருக்காக அவருடைய கடைசிக் காலத்தில் மாற்றிக் கட்டிய முன்னறை. அவர் போய் மூன்று வருடம் ஆகியும் அதில் இன்னும் அவருடைய ரெக்கார்டுகள்தான் குடியிருந்தன. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடி அதை நினைத்தபோது வருத்தமோ கோபமோ வரவில்லை. இதையும் நான்தான் செய்ய வேண்டுமா என்ற அலுப்புதான் வந்தது.

கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு தேக்கு அலமாரி நிறைய ரெக்கார்டுகள். அதில் கொள்ளாதவை கட்டிலுக்கு அடியிலும் தரையிலும், பனியன் அனுப்புகிற அட்டைப் பெட்டிகளில்; நடுவில் ஓர் ஆள் ஒதுங்கி நடக்கத்தான் வழி, இன்னொருவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போக முடியாது. ஜன்னலோரம் மேஜைமேல் பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர்களும். நாதஸ்வரம், பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு, கதை வசனம் என்று எல்லாம் உண்டு. கோயமுத்தூருக்கு நூல் விஷயமாகப் போகும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தவை. அந்தக் காலத்தில் இதற்காகவே எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்களாம்.

நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரும் வந்ததாக நினைவில்லை. நான் பார்த்ததெல்லாம் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்கிற மாமனாரைத்தான். கடைசி வருடங்களில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. கையும் நடுங்கியது. ஊசியை ரெக்கார்டின்மேல் வைக்க என்னைக் கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் வைத்துவிட்டு வருவேன். தட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபடி கூப்பிடுவார். பாட்டை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் அவருக்குக் காதில் விழுந்திருக்காது.

வீட்டுக்குப் பின்னால், பனியன் துணி பின்னுகிற எங்கள் நிட்டிங் ஷெட். மெஷின் ஓடினால் பஞ்சு பறக்கும். எந்தக் கதவைச் சாத்தினாலும் அது உள்ளே வந்து படியும். மாமனார் இருந்தபோது வாராவாரம் அலமாரியைத் துடைப்பேன். அவர் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று யோசிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கை தானாகத் துணியை எடுத்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம் பேச்சை எடுத்தேன்.

"ஏனுங்க, அம்மாவ முன்னால் ரூம்ல படுக்க வெக்கோணும். அந்த ரெக்கார்டையெல்லாம் என்ன பண்றதுங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின் நின்றிருந்த நேரம் அது. அவருக்கு வேறு நினைப்பு.

"அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றார்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். என் நங்கையா சோமனூரில், விசைத்தறி ஓடுகிற வீட்டில் இருக்கிறார். மாமனாரின் காரியங்கள் முடிந்த பிறகு அவர் இங்கே வருவது குறைந்துவிட்டது. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவார். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மாவைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். ரெக்கார்டு என்றதும் குரல் மாறிவிட்டது.

"அப்பா ரூம்ல எதுலயும் கை வெக்க வேண்டாம் அம்மிணி. அது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப நீங்க எடுத்துக்கறீங்களா நங்கையா?"

"என்ற ஊட்ல எங்க எடம் இருக்குது? தறிச் சத்தத்துல பாட்டு எங்க கேக்கறது?"

"அம்மாவ எங்கீங்க படுக்க வெக்கறது?"

"அதையத் தூக்கிப் போட்டுத்தான் உங்கம்மாவப் படுக்க வெக்கோணுமா?"

போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க அந்த வார்த்தை எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. நான் ஒற்றைப் பிள்ளை. என் அம்மா வேறு யார் வீட்டுக்குப் போவார்? அவருக்கே மருமகன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ள மனதில்லை. "ஊர் என்ன பேசுமோ கண்ணு, என்னையத் தோட்டத்துலயே உட்ரு" என்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு பாட்டம் அழுதிருந்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேசவில்லை. "ரெண்டு பேரும் பேசி என்னமோ பண்ணிக்குங்க" என்று ஷெட்டுக்குப் போய்விட்டார். அக்காவை அவரால் எதிர்த்துப் பேச முடியாது. என்னிடமும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மெஷின் ஓடாத நாளிலும் ஷெட்டில் அவருக்கு வேலை இருந்தது.

யாரையும் புண்படுத்தாமல் முடித்துவிடலாம் என்று முதலில் ஷெட் மூலையில் வைக்கப் பார்த்தேன். தகரக் கூரைச் சூட்டில் எல்லாம் நெளிந்துபோகும் என்றார்கள். பரண்மேல் ஏற்றலாம் என்று ஒரு பெட்டியைத் தூக்கினேன். ரெக்கார்டு இவ்வளவு கனம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் குனிய முடியவில்லை. இதற்கிடையில் அம்மாவை ஹாலில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சமையலறையைத் தாண்டித் தாங்கித் தாங்கிக் கூட்டிப்போக வேண்டும். தண்ணீர் குடித்தால் என்னை அடிக்கடி எழுப்ப வேண்டியிருக்கும் என்று அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். உதடு காய்ந்து கிடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு அது புரிந்தது.

அன்றைக்கே கோயமுத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவரை வரச் சொன்னேன். வந்தவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ரெக்கார்டாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மேற்கு வெயில் பட்டுப் பட்டு நிறைய வளைந்திருந்தன. கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றில் ஈரம் ஏறிப் பூஞ்சணம். நான் வாராவாரம் துடைத்ததெல்லாம் வெளிப்பக்கம் மட்டும்தான்.

"கேக்கற மாதிரி கொஞ்சந்தானுங்க்கா தேறும். அதுக்கு ஆள் இருக்காங்க, தேடி வருவாங்க. மத்ததை ஓட்டல்காரங்க கேக்கறாங்க."

"ஓட்டல்ல பாட்டுப் போடவா?"

"இல்லீங்க. செவுத்துல வரிசையா மாட்டி வெக்கறதுக்கு. பழைய காலத்து லுக்கு வேணும்ங்கறாங்க."

மாமனார் கை வைத்துக் கேட்டவை ஏதோ ஓர் ஓட்டல் சுவரில், சாப்பிடுகிறவர்களின் தலைக்குமேல் தொங்கும். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்படக்கூடத் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. உள்ளே அம்மா கூப்பிட்டார். "நாலு நாள் கழிச்சுச் சொல்றனுங்க" என்று அவரை அனுப்பிவிட்டு எழுந்து போனேன்.

திரும்ப நங்கையாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எதையும் சுற்றி வளைக்கவில்லை. ரெக்கார்டு கெட்டுப்போயிருக்கிறது, ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், என்னால் முடியவில்லை என்று சொன்னேன். 'என்னால முடியல நங்கையா' என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம வர்றேன்" என்றார்.

ஞாயிறு காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் அம்மாவுக்குச் சாத்துக்குடி. ஹாலில் கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா எழுந்து உட்கார முயன்றார். "எந்திரிக்க வேண்டாமுங்க, படுங்க படுங்க" என்று ஓடிவந்து தோளைப் பிடித்துச் சாய்த்தார். அம்மாவின் முகத்தையும் தொய்ந்து கிடந்த கட்டில் கயிற்றையும் பார்த்தார். சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்குள் போனார்.

இருவரும் தரையில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். உறையைத் தட்டினால் பஞ்சு பறந்தது. இருவருக்கும் தும்மல். சில உறைகளில் மாமனாரின் கையெழுத்து, வாங்கிய ஊரின் பெயரோடு. நங்கையா அதைத் தடவிப் பார்ப்பார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, பேப்பர்காரர் பழைய பேப்பரை அடுக்குவது மாதிரி அடுக்கிக்கொண்டே போனார்.

"ஒன்னு போட்டுக் கேக்கறீங்களா நங்கையா? பிளேயர் ஓடும்னு நெனைக்கறேன்."

"வேண்டாம் அம்மிணி."

அடுத்த பெட்டியைப் பிரிக்கும்போது அவராகவே பேசினார்.

"எனக்கு இந்தப் பாட்டெல்லாம் புடிக்கவே புடிக்காது, தெரியுமா?"

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"இந்த ரூம்ல பாட்டு ஓடுனா ஊட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. நாங்க பேசிச் சிரிச்சாப் போச்சு, கதவத் தொறந்து ஒரு பார்வை பார்ப்பாரு. எங்கம்மா கொழம்புக்குத் தாளிக்கோணும்னாக்கூட பாட்டு முடியட்டும்னு கரண்டியப் புடிச்சுட்டு நிப்பாங்க. கடுகு வெடிக்கற சத்தம் கேக்குமாம்."

"அப்பறம் ஏனுங்க எடுக்கவே வேண்டாம்னீங்க?"

அவர் ஒரு ரெக்கார்டை உறைக்குள் போட்டு, திரும்ப வெளியே எடுத்து, மறுபடி போட்டார்.

"இந்த ஊட்ல எனக்குன்னு என்ன இருக்குது? தம்பி கேட்டான்னு எல்லாத்துலயும் பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். மனசாரத்தான் போட்டேன். அதையச் சொல்லல. அதுக்கப்பறம் ஷெட்டப் பெருசு பண்ணுனீங்க, அம்மா வெச்ச கருவேப்பிலை மரத்த வெட்டுனீங்க, வாசலுக்கு டைல்ஸ் போட்டீங்க. ஒவ்வொன்னையும் நான் வந்துதான் பார்த்தேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. இது ஒன்னுக்குத்தான் மொதத் தடவையா என்னையக் கேட்டீங்க. உடனே சரின்னு எப்புடிச் சொல்றது?"

மரத்தை வெட்டியது லாரி திரும்ப இடம் வேண்டும் என்று. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். களைப்பில் ஒன்றும் வரவில்லை.

"சாப்புட்டுட்டுத்தான் போகோணும்" என்றேன்.

"சாப்புடாமயா போவேன்?" என்று சிரித்தார். பிறகு அவரே முடித்தும் வைத்தார். "அந்தாள வரச் சொல்லு. ஓட்டலுக்குத்தான் போகுதுன்னா போகட்டும். நாலு பேரு பேசிச் சிரிக்கற எடத்துல இருக்கட்டும். அலமாரிய மட்டும் குடுத்தறாதீங்க, தேக்கு."

அவர் தமக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் மாமனாரின் கையெழுத்து இருந்த ஓர் உறையைப் பையில் வைக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டார். என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது அறை பாதி காலியாகியிருந்தது. வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிளேயர மட்டும் இருக்கட்டுமா?" என்று அக்காவைக் கேட்டார். "எதுக்கு, நீ கேக்கப் போறயா?" என்றார் அவர். இவர் தலையைக் குனிந்துகொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் டெம்போ கொண்டுவந்தார். ஷெட்டில் வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் பெட்டிகளைத் தூக்கி வைத்தார்கள். உள்ளே ஏதோ பீங்கான் தட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் எச்சரித்தபடி மெல்ல மெல்ல நடந்தார்கள். டெம்போ அவிநாசி ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை என் வீட்டுக்காரர் கேட்டிலேயே நின்றார். நான் நிற்கவில்லை. உள்ளே போய் அறையைக் கழுவிவிட ஆரம்பித்தேன். அலமாரி நின்ற சுவரில் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. அதற்கு வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை. அப்படியேதான் இருக்கிறது.

அம்மாவை அன்று சாயங்காலம் அங்கே மாற்றினோம். முதல் ஒரு வாரம் மெஷின் சத்தத்தில் தூக்கமே இல்லை என்று புலம்பினார். வெயில் அடிக்கிறது என்றார். தோட்டத்துக்கே போகிறேன் என்றார். எனக்கு வேலை குறைந்தது என்று சொல்ல முடியாது. பாத்ரூம் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நங்கையா பத்து நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். நேரே அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். யாருடைய மருமகள், என்ன நோவு, எந்த டாக்டர், நூல் விலை என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. டீ வைத்துக் கொடுத்தேன். "நீ போய்ச் சித்த படு அம்மிணி, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

வேலை கிடக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஹாலில் பாயை விரித்துப் படுத்தேன். முன்னறையில் அம்மா எதற்கோ சத்தமாகச் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் கேட்கவில்லை. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைக் கொடுத்துக் கேட்க நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.