ரத்தினம்மாவின் இடது நெற்றிப்பொட்டு

ரத்தினம்மாவுக்குத் தலைவலி வந்தால் சிராங்கூன் ரோட்டுக்கே தெரிந்துவிடும். அவள் விற்கும் மரவள்ளிக்கிழங்குப் புட்டுக் கூடை அன்றைக்கு வெளியே வராது. கதவுக்கு உள்தாழ் விழுந்திருக்கும். "மகாராணிக்கு இன்னைக்குத் தர்பார் கெடையாதாம், போங்க" என்று பக்கத்து அறை சம்சுன்னிசா ஆட்களைத் திருப்பி அனுப்புவாள். கேலிக்காரிதான். ஆனாலும் நெற்றிக்கு ஈரத்துணி பிழிந்து கொடுப்பது அவள்தான். டாக்டர் நடராசாவிடம் ரத்தினம்மாவை இழுத்துப் போனதும் அவள்தான்.

யாழ்ப்பாணத்து மனிதரான நடராசா, இடது நெற்றிப்பொட்டில் துடித்த நரம்பை விரலால் அழுத்தினார்.

"இப்ப எப்பிடி?"

"கொஞ்சம் கொறையுதுங்க ஐயா."

"அப்ப இந்த ரத்தக்குழாய்தான் ஆள். சின்னனாக் கீறி, கட்டி, வெட்டிவிடலாம். எல்லாருக்கும் சுகம் வருமெண்டு சொல்லேலாது. உங்களுக்கு வரும்போலக் கிடக்கு. விறைக்கிற மருந்து ஒரு போத்தில்தான் மிச்சம், ஜப்பான்காரன் இனித் தரமாட்டான். கெதியா வாங்கோ. காதுக்கு மேலை கொஞ்சம் சிரைக்கோணும்."

சிரைக்க வேண்டும் என்றதும் ரத்தினம்மா எழுந்துவிட்டாள்.

அவள் புருஷன் கோவிந்தசாமியை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போய் வருஷம் ஒன்றாகியிருந்தது. இருக்கிறானா இல்லையா என்று ஒரு சேதி இல்லை. இந்த நேரத்தில் தாலி கட்டியவள் தலையில் கத்தி படுவதா? அவளே அவனுக்குக் கருமாதி நடத்தியது போல் ஆகாதா?

"உள்ளங்கை அளவுதானேக்கா" என்று வழியெல்லாம் மன்றாடினாள் சம்சுன்னிசா. "கெதியா வாங்கோ, கெதியா வாங்கோன்னு அந்த மனுஷன் கெஞ்சுறாரு லா." டாக்டரின் குரல் அப்படியே அவள் வாயில் வந்தது. ரத்தினம்மா சிரித்தாள், மனசு மட்டும் மாறவில்லை.

"அவரு வரட்டும். வந்தப்பறம் முழு மொட்டையே போட்டுக்கறேன், போ."

இரண்டு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வலி மண்டையைப் பிளந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் பொட்டில் ஆணியாக இறங்கியது. புட்டுக்கு வந்த ஆள் என்று நினைத்து, தலையணையை எடுத்துக் காதில் அமுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தாழைத் திறந்தபோது சம்சுன்னிசா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"முத்துசாமின்னு ஒருத்தருக்கா. எலும்பும் தோலுமா இருந்தாரு. சயாம்ல உங்க வீட்டுக்காரரோட ஒரே கொட்டாயில கெடந்தாராம்."

"என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட சொல்லல. 'வீட்டுக்காரம்மாகிட்டதான் சொல்லணும், அடுத்தவங்ககிட்ட சொல்ற சேதி இல்ல'ன்னுட்டாரு. நானும் கதவ ஒடைக்காத கொறையாத் தட்டினேன். லாரி நிக்காதுன்னு போயிட்டாரு. ஜொகூருக்காம்."

ஜொகூர் போகிற வழியில் கிராஞ்சி வரை போய் லாரிக்காரர்களை விசாரித்தாள் ரத்தினம்மா. முத்துசாமியைத் தெரிந்தவர் யாருமில்லை. திரும்பியவள் நேரே டாக்டர் முன் போய் நின்றாள்.

"எவ்வளவு வேணும்னாலும் சிரைச்சுக்குங்க ஐயா."

"அந்த மருந்து முடிஞ்சுதம்மா. கை நசிஞ்சு ஒருத்தர் வந்தவர், அவருக்குப் போட்டாச்சு."

"மருந்து இல்லாமயே கீறுங்க. பல்லக் கடிச்சுக்கறேன்."

"கண்ணுக்குப் பக்கத்திலை. நீங்கள் அசைஞ்சால் நான் என்ன செய்ய?"

வீட்டுக்கு வந்து சம்சுன்னிசாவை எதிரே உட்கார வைத்தாள்.

"அந்த முத்துசாமி சொன்னத அவரு கொரல்லயே சொல்லு."

சம்சுன்னிசா சொன்னாள். கேட்டால், நல்ல சேதி கொண்டுவந்தவன் குரல் போல இருந்தது. மறுபடி சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை இழவு சொல்ல வந்தவன் குரல். ஊரையே பேசிக் காட்டுகிறவளுக்கு அந்த ஒரு குரல் மட்டும் பிடிபடவில்லை.

"எது லா அவரு கொரல்?"

"தெரியலக்கா."

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் ரத்தினம்மா.