கிளிநொச்சியில் விட்டுப்போன பஸ்

கரம்பொன் அல்போன்சம்மாவுக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. கைகளை ஊன்றி ஊன்றித்தான் வீட்டுக்குள் நகர்வாள். கையால் சுற்றும் தையல் மெசின் வைத்து ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தாள். தாய் செத்தபின் தங்கை திரேசம்மாவை வளர்த்து, வவுனியாவில் கட்டிக்கொடுத்ததும் அவள்தான்.

எழுபத்துநாலாம் ஆண்டு மாரியில் வவுனியாவிலிருந்து ஆள் வந்தது. திரேசம்மாவுக்குப் பிள்ளை பிறந்தபின் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து அக்காவைக் கேட்டபடி இருக்கிறாளாம்.

அந்த நேரம் தொட்டு அல்போன்சம்மா வாயில் தண்ணீர் வைக்கவில்லை.

"ஒரு மிடறு தேத்தண்ணியாவது குடியுங்கோ அக்கா" என்றான் தம்பி லியோன்.

"வழியிலை கக்கூசுக்கு இறங்கவேண்டி வந்தா நீ என்னடா செய்வாய்?"

அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு போனான்.

ஊர்காவற்றுறை பஸ்ஸின் சாரதி தெரிந்த மனுசன். விடிய, அவளை ஏற்றும்வரை பொறுத்து நின்றார். யாழ்ப்பாணத்தில் வவுனியா பஸ்ஸின் படியோ லியோனின் முழங்காலுக்கு மேலே இருந்தது. பின்னால் சனம் நெருக்கியது. தூக்கி ஏற்றும்போது அவள் நெற்றி கம்பியில் இடித்தது.

"சீற் ஒண்டும் இல்லை அண்ணை. இவவை எங்கை இருத்துறது?" என்றான் கொண்டக்டர்.

"நான் நிலத்திலை இருக்கிறன் தம்பி."

ஆட்களின் கால்களுக்கு நடுவே, பிள்ளைக்குத் தைத்த சட்டைகள் இருந்த பையை அணைத்தபடி இருந்தாள். யாரோ ஒருவரின் செருப்பு அவள் விரலை மிதித்தது. அவள் கையைப் பைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். அவள் லியோனின் கையைப் பிடித்தாள். "இனி ஏலாது."

கக்கூஸ் கடைக்குப் பின்னால், உயரப் படியோடு, ஒருவர் நுழையவே இடம் போதாமல் இருந்தது. கடைக்காரப் பெண் இரங்கி வந்து கைகொடுத்தாள். எல்லாம் முடிந்து வெளியே வருமுன் ஹோர்ன் கேட்டது.

"நில்லுங்கோ! ஆள் வருது!" அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லியோன் ஓடினான். பஸ் போய்விட்டது; பையும் அதோடு போனது.

அடுத்த பஸ் வேகத்தைக் குறைத்து, அவன் தோளில் கிடந்தவளைக் கண்டதும் மறுபடி வேகமெடுத்துப் போய்விட்டது. அதற்கடுத்தது நிற்கவேயில்லை. பொழுதுசாய ஒரு வைக்கோல் லொறிதான் ஏற்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் திரேசம்மாவின் புருசன் குந்தியிருந்தான். "பின்னேரம்தான் போனவ, மச்சாள். கடைசிமட்டும் வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவ."

கிளிநொச்சியில் விட்டுப்போன பஸ் மத்தியானமே வவுனியாவுக்கு வந்திருக்கும். அல்போன்சம்மா அதைச் சொல்லவில்லை. லியோனும் சொல்லவில்லை.

செத்தவீடு முடிந்து கரம்பொனுக்குத் திரும்பியதும், "இனி என்னை எங்கையும் தூக்கிக்கொண்டு போகாதை" என்றாள். களைப்பில் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான்.

திரேசம்மாவின் பிள்ளை தகப்பனோடு வவுனியாவில் வளர்ந்தது. சில வருசம் கழித்து, அது கோயிலில் முதல்நன்மை வாங்கும் நாளுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

"உங்களைத் தூக்கிறது எனக்குப் பாரமில்லை அக்கா" என்றான் லியோன்.

"எனக்குப் பாரமாக் கிடக்கு" என்றாள் அவள், மெசினைவிட்டு முகம் நிமிர்த்தாமல்.

லியோன் தனியாகத்தான் போனான்.