நான் வேகமா அடிக்கல

பதிமூணு வருசமா ஒரே பேச்சத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். அந்த ரெக்கார்டுல நான் வேகமா அடிக்கல. ஒருத்தனும் நம்பல. கட்டுன பொண்டாட்டியே, "அடிச்சா அடிச்சீங்க, விடுங்களேன்"ன்னுதான் சொன்னா.

மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டம். காலையில பால் மரம் வெட்டுவேன், கோயில் மேளத்துல உறுமி அடிப்பேன். உறுமிக்கு வளைஞ்ச குச்சி ஒன்னு இருக்கு. அதத் தோலுல வச்சு நிதானமாத் தேய்க்கணும். அப்பத்தான் மாடு அடிவயித்துலேர்ந்து முனகுற மாதிரி வரும். அவசரப்பட்டா கெட்டுச்சு.

எழுவத்தி மூணோ நாலோ இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸ்ஸருக்கு ஒரு மகன். யாழ்ப்பாணத்துக்காரங்க, மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. அந்தத் தம்பி வாத்தியாருக்குப் படிச்சுக்கிட்டு இருந்தான். தோள் வரைக்கும் முடி, கையில கரண்டு கித்தார். எங்க பொம்பளைங்க புல்லு வெட்டும்போது பாடுற பாட்டு, புள்ளயத் தூங்க வைக்கிற பாட்டு, கங்காணிய ஏசுற பாட்டு, எல்லாத்தையும் கேட்டு வச்சுக்கிட்டு கித்தாருல வாசிச்சுப் பாடுவான். ஒருநாள் என்கிட்ட வந்து, "அண்ணே, உறுமி இல்லாம இது நிக்காதுண்ணே"ன்னான். சாமிக்கு அடிக்கிறத கித்தார் கூட அடிக்கிறதான்னு நாலு பேரு மூஞ்சியச் சுளிச்சாங்க. சுளிக்கட்டும்னு போனேன்.

பினாங்குலேர்ந்து ஒரு ஆளு காடி ஓட்டிக்கிட்டு வந்து டேப் மிசின எறக்குனாரு. தோட்டத்து ஹாலுல ஒரே சாயங்காலம் ஆறு பாட்டு பதிஞ்சோம். அப்பல்லாம் வெளிக் கரண்டு கிடையாது, ஸ்டோருக்குப் பின்னால இருந்த டீசல் இஞ்சின்தான். அத ஓட்டுன பெரியவரு இஞ்சின் சூட்டுல கருவாடு காய வைப்பாரு. ஹால் பூரா அந்த வாசந்தான், பினாங்கு ஆளு மூக்கப் பொத்திக்கிட்டே வேல பாத்தாரு. ஆறு மணியானா எல்லா வீட்டுலயும் லைட்டு போடுவாங்க, தொர பங்களாவுல ஏர்கோன் போடுவாங்க. இஞ்சினுக்கு மூச்சு வாங்கும், பல்பு செவந்துரும். நாங்க பதியும்போதும் செவந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.

கரண்டு இளைச்சா டேப்பும் மெதுவாத்தான சுத்தும்? மெதுவாச் சுத்தும்போது பதிஞ்சத நல்ல கரண்டுல போட்டா பாட்டு வேகமா ஓடாதா? நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. ரப்பர் ஷீட்டு உருட்டுற மிசின்ல வேல பாத்தவன். சுத்துற சாமான் எப்படிச் சுத்தும்னு தெரியும்.

ரெக்கார்டு வந்துச்சு. தம்பி குரல் பொம்பளப் புள்ள குரலா இருக்கு, என் உறுமி பன்னிக்குட்டி மாதிரி கத்துது. ரேடியோவுல ஒரு தடவ போட்டாங்க, அதோட சரி.

என் பொண்டாட்டியோட அண்ணன்தான் கோயில் மேளத்துக்குத் தலைவரு. ஒட்டுக்கடையில எல்லாரும் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஆரம்பிச்சாரு.

"என்ன மாப்ள, உறுமி அடிச்சியா, பஸ்ஸு புடிக்க ஓடுனியா?"

"கரண்டு இளைச்சுப்போச்சு மச்சான்."

"ஆமாலா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

கடையே சிரிச்சுச்சு. அந்த வருசத் திருவிழாவுல உறுமிய வேற ஆளுகிட்ட குடுத்துட்டு என் கையில ஜால்ராவக் குடுத்தாரு. "காவடி எடுக்கிறவன் காலு உன் ஓட்டத்துக்குத் தாங்காது மாப்ள." ஜால்ராவ கோயில் படியில வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதோட மேளத்துக்குப் போகல.

ஆனா வாய மூடல. முடி வெட்டுற கடையில சொன்னேன், கடுதாசி கொண்டாற மலாய்க்காரருகிட்ட சொன்னேன். அவரு தலையாட்டிட்டு கடுதாசியக் குடுத்துட்டுப் போவாரு, பாவம்.

தம்பி வாத்தியாராகி பாக்கார் ஆராங்குல வீடு வாங்கிட்டான். முடி போச்சு, தொப்ப வந்துச்சு. பதிமூணு வருசம் கழிச்சு ஒரு மத்தியானம் மோட்டர்ல வந்து எறங்குனான். சுங்கைப் பட்டாணியில ஒரு கேசட்டுக் கடைக்காரரு அந்த ரெக்கார்ட சுத்தம் பண்ணி கேசட்டாப் போடப் போறாராம். மொத மொத பதிஞ்ச டேப்பு தம்பிகிட்டதான் இருந்துச்சு.

"அண்ணே, அன்னிக்கு நான் மாதா கோயில் ஆர்மோனியத்துக்குத்தான் சுருதி கூட்டுனேன். இப்ப அதப் பக்கத்துல வச்சு டேப்பப் போட்டா, கித்தார் சுருதி அதுக்கு மேல நிக்குது. ஆறு பாட்டுலயும். கடைக்காரரு மிசின்ல வேகத்தக் கொறைக்கிற திருகு இருக்கு. பாட்டுக்குப் பாட்டு கொறைச்சுப் பாத்தோம்."

"சேந்துச்சா?"

"சேந்துச்சுண்ணே. நீங்க அன்னிக்கே சொன்னீங்க."

"சொன்னேன். நீயும்தான் கேக்கல."

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பரவாயில்ல தம்பின்னு நான் சொல்லல. பதிமூணு வருசம் பரவாயில்லையா?

கொண்டாந்த கேசட்டப் போட்டான். என் உறுமி மாடு மாதிரி முனகுச்சு. ரெண்டு பாட்டு அப்படியே உக்காந்து கேட்டேன். மூணாவது பாட்டு பாதியில ஓட ஆரம்பிச்சுச்சு. தம்பி என்னப் பாத்தான்.

"இது மிசினு இல்லண்ணே. சுருதி சரியாத்தான் நிக்குது."

"தெரியும். இது நான்."

பல்பு ரொம்ப செவந்தது அந்தப் பாட்டுலதான். கரண்டு போறதுக்குள்ள முடிச்சுறணும்னு பயந்து ஓடியிருக்கேன். அது எனக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

"எடுத்துறலாம்ண்ணே, அஞ்சு பாட்டு போதும்."

"வேண்டாம். இத மறைச்சா மத்த அஞ்ச எவன் நம்புவான்?"

கேசட்டு கடைக்கு வந்துச்சு. ரேடியோவுல போட்டாங்க, சின்னப் பயலுங்க காடியில போட்டுக்கிட்டு போனாங்க. அடுத்த வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தாரு. பேசறதுக்கு முன்னால கேசட்டப் போட்டேன். மூணாவது பாட்டு வந்ததும் மனுசனுக்கு மூஞ்சி மலந்துச்சு.

"இந்தா ஓடுற மாப்ள."

"ஓடுறேன். அது நான்தான். மத்த அஞ்சும்?"

அவரு தேத்தண்ணிய ஊதிக்கிட்டு இருந்தாரு.

"மத்த அஞ்சும் சொல்லு மச்சான்."

"ஓடல."

"அடுப்படியில இருக்கிற உன் தங்கச்சிக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

"ஓடலலா! என்ன இப்ப, திருவிழாவுக்கு உறுமிக்கு வர்றியா, இல்லயா?"

போனேன். முன்னால நின்னேன். காவடி கோயில் வாசலுக்கு வரும்போது வெயிலு உச்சிக்கு ஏறிடுச்சு. கொஞ்சம் வேகமா அடின்னு மச்சான் பின்னாலேர்ந்து கையக் காட்டிக்கிட்டே இருந்தாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. எல்லாரும் என் அடிக்குத்தான் நடந்து வந்தாங்க.