மேல்தளத்திலிருந்து வந்த செய்தி

ஆரணியில் பட்டு நெய்யும் ஹேமலதாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். அதனால்தான் கணவர் ஜெயக்குமாரும் பதினைந்து வயது மகள் கீர்த்தனாவும் சென்னையில் சுற்றுலாக் கப்பல் ஏறியபோது, அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். காலையும் மாலையும் செய்தி அனுப்ப வேண்டும் என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

புறப்பட்ட அன்று மாலை ஒரு செய்தி வந்தது: "அப்பாகூட சண்டை. மேல்தளத்துல தனியா நிக்கிறேன். யாரும் என்னைத் தேட வேணாம்."

உடனே கூப்பிட்டாள். மகளின் போனும் கிடைக்கவில்லை, கணவரின் போனும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலும் அப்படியே. தறியில் உட்கார்ந்தாள், இழை அறுந்துகொண்டே இருந்தது. கப்பலின் கம்பித் தடுப்பும் அதற்குக் கீழே கடலுமே கண்ணில் நின்றன.

டிக்கெட் நகலில் இருந்த கப்பல் கம்பெனி எண்ணுக்குப் பேசினாள். "நடுக்கடல்ல சிக்னல் இருக்காது மேடம், பயப்படாதீங்க" என்றது ஒரு பெண் குரல்.

"எம்பொண்ண யாராவது கண்ணால பார்த்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கூப்பிட்டுகினேதான் இருப்பேன்."

அந்தப் பெண் கப்பலுக்குத் தகவல் அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவே ஹேமலதாவுக்குப் பயமாக இருந்தது.

"எம்மா, கப்பல் போன்லேர்ந்து பேசுறேன். மைக்குல எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மானமே போச்சு."

"அப்பா எங்கடி?"

"இங்கதான். நேத்து மேல்தளத்துக்குத் தேடி வந்ததுலேர்ந்து என் கையைப் புடிச்சிகினே சுத்துறாரு. பாத்ரூம் வாசல்லகூட வந்து நிக்கிறாரு."

"நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஹேமலதா தரையில் உட்கார்ந்து அழுதாள்.