பாதியில் நின்ற ஷட்டர்

ஊர்வலம் என்றால் முதலில் கல் வரும், பின்னால்தான் ஆள் வருவான் – போன வாரம் வரை இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டி வைத்திருப்பவனுக்கு வீரம் எங்கிருந்து வரும்? வாராவாரம் இந்தப் பத்தியில் நான் காட்டும் வீராப்பெல்லாம் பேனாவோடு சரி.

மாரிமுத்து என்று ஒரு கைத்தறி நெசவாளி. நூல் விலை ஏறி, அவர் தெருவில் தறியெல்லாம் நின்றுவிட்டது. கடைவீதி வழியாகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள். போலீஸ் எங்களைப் போன்ற வியாபாரிகளைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டது. "ஐயையோ!" என்றோம். என் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

போக்குவரத்துக்கு இடைஞ்சல், அனுமதி கிடையாது. வேண்டுமானால் ஊருக்கு வெளியே, ஏரிப் பக்கத்துப் பொட்டலில் நடந்துகொள்ளலாமாம்!

மாரிமுத்து என் கடைக்கே வந்துவிட்டார். நான் கல்லாவுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, பொட்டல்ல எருமைதானுங்க மேயுது. அதுங்ககிட்டக் கோஷம் போட்டா நூலு வெலை எறங்குமுங்களா?"

"அதில்லீங்க மாரிமுத்து... கூட்டத்துல எவனாச்சும் ஒருத்தன் கல்லை எடுத்துட்டா?"

"கல்லைத் தூக்கத் தெம்பு வேணுமில்லீங்க?" என்று சிரித்தார். "காலையில இருந்து ஒரு டீதானுங்க. நாங்க பட்டினி கெடக்கறது எங்க தெருவுக்குத்தானுங்க தெரியும். கடைவீதியில நடந்தா நாலு பேரு பாப்பாங்க. கலெக்டர் காதுக்குப் போவும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"பாக்கலாமுங்க" என்றேன். 'மாட்டேன்' என்பதை இதைவிட நாசூக்காகத் தமிழில் சொல்ல முடியாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். தெருமுனையில் பெருங்கூட்டம் ஒன்று திரும்பியது. எல்லாம் தறிக்காரர்கள். கோஷம் இல்லை, கொட்டு இல்லை... சத்தமே இல்லாத கூட்டம்! அனுமதி இல்லாமலே கிளம்பிவிட்டார்கள், நேரே என் கடைக்குத்தான் என்று முடிவு கட்டினேன். சடசடவென்று அக்கம்பக்கத்து ஷட்டர்களெல்லாம் இறங்கின. நானும் என்னுடையதைத் தொங்கி இழுத்தேன். அதுவும் முதலாளி மாதிரியே – ஆபத்து நேரத்தில் கைவிடும் ரகம். பாதியில் சிக்கி நின்றுகொண்டது.

ஓடிப்போய் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். உயிருக்குப் பயந்தவன் ஒளிகிற இடமா அது? தும்மல் மேல் தும்மல். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் பார்த்தேன். கால்கள் மட்டும் தெரிந்தன. வெறுங்கால்கள். அவசரமே இல்லாமல் நடக்கிற கால்கள்.

கல் வரவில்லை. பொரி வந்து விழுந்தது. கூடவே கொஞ்சம் சாமந்தி இதழ்.

எங்கள் வீதி வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே? கலவரம் என்றால் ஷட்டரை முழுசாகப் போடுவோம். பிணம் போனால் மரியாதைக்குப் பாதி இறக்குவோம்.

ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். மாரிமுத்துவின் தம்பி.

"அண்ணன் போயிருச்சுங்க. காய்ச்சல்தான்... வயித்துல ஒண்ணுமில்லீங்களே, தாங்குமுங்களா? வீதியில அத்தனை பேரும் பயந்துக்கிட்டு முழுசாச் சாத்திட்டாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க மரியாதைக்குப் பாதி எறக்குனீங்க. நல்லா இருப்பீங்க சாமி."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

இதே வீதியில்தான் பகல் முழுக்க லாரியை நிறுத்தி மூட்டை இறக்குகிறோம். ஆடியில் அம்மன் ஊர்வலம், மாப்பிள்ளை ஊர்வலம், தலைவர் வந்தால் வரவேற்பு ஊர்வலம்... எதுவும் இடைஞ்சல் இல்லை. பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நடப்பவன் மட்டும் இடைஞ்சல்! வீதி என்ன, சரக்குப் போவதற்கு மட்டுமா? நாளைக்கே மிளகாய்க்கு ஒரு வரி போட்டால் நானும் கொடி பிடித்துக்கொண்டு இங்கேதான் நடப்பேன். எருமைகளைத் தேடிப் போக மாட்டேன்.

கடைவீதியில் ஊர்வலங்களுக்கு நிரந்தரத் தடை கேட்டு எங்கள் வியாபாரிகள் இந்த வாரம் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் போட மாட்டேன் என்றேன்.

"உங்களுக்குப் பயமில்லீங்களா?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"இருக்குதுங்க, நெறையவே இருக்குது. எனக்குப் பயமா இருக்குதுன்னு அவங்க நடக்கக் கூடாதுங்களா?"

அன்றைக்கு வீதியில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் முன்னால் நடந்து, லாரிகளை ஓரங்கட்டி, வழி ஏற்படுத்திக் கொடுத்தார்கள். மாரிமுத்து, தான் கேட்ட அதே கடைவீதி வழியாகத்தான் போனார். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.