குறுக்கே கிடந்த பாவு

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வரும் அக்கா தங்கைகளுக்கு, சேவூர் வசந்தா சொல்வது. எல்லையம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள். போக இருந்த ஒரு உயிரைத் திருப்பிக் கொடுத்தாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த உயிர் ஊசலாடியதற்கு என் வாயும் ஒரு காரணம். அதை மறைத்துவிட்டு அம்மன் பெருமையை மட்டும் பேசினால், அவள் விளக்கு முன்னால் நிற்க எனக்கு முகம் இருக்காது.

போன ஆடி மாதம். ஊரே பயந்து கிடந்த நேரம். சில பையன்கள் இருட்டிலும் விடியலிலும் வண்டியில் சுற்றினார்கள். போதையில் இருந்தார்கள் என்றார்கள். கையில் கத்தி. பழைய பகை கிடையாது, கட்சிச் சண்டை கிடையாது, எதிரே யார் வருகிறாரோ அவருக்கு வெட்டு. முதலில் பால் எடுத்துப் போனவர் ஒருவருக்குத் தோளில் விழுந்தது. அப்புறம் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவருக்கு. காரணம் என்று ஒன்று இருந்தால் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். காரணமே இல்லை என்றால் எப்படித் தூங்குவது? போனை எடுத்தால் அதே பேச்சு. உண்மை பாதி, புளுகு பாதி. வந்ததையெல்லாம் நானும் நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்ப அனுப்ப என் பயம்தான் கூடியது.

பயம் என்று தறியை நிறுத்த முடியுமா? எங்கள் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுப்புடவையில் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சித் தண்ணீர் தெளித்து, இழை இழையாகப் பிரித்துச் சீராக்க வேண்டும். வெயில் ஏறினால் இழை விறைத்துவிடும். அதனால் விடியலில்தான் இந்த வேலை. இடுப்பு உயரத்துக்குப் பாவு கட்டிவிட்டால் தெரு நீளவாக்கில் இரண்டாகிவிடும். இந்தச் சாரி வீட்டு வரிசையிலிருந்து எதிர்ச் சாரிக்குப் போக வேண்டுமானால் கோடி வரைக்கும் நடந்து சுற்றித்தான் போக வேண்டும். பாவை யாரும் தாண்டக்கூடாது, அடியில் நுழையவும் கூடாது. இழை அறுந்துவிடும் என்பது ஒன்று, அந்தத் தறிக்கு ஆகாது என்பது இன்னொன்று. இது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

எதிர்வீட்டு சுமதியின் மருமகன் தினேஷுக்குத்தான் தெரியாமல் இருந்தது. அவர் களம்பூர்க்காரர், அங்கே அரிசி மில்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டோடு இருந்துகொண்டு தினமும் முதல் பஸ்ஸில் வேலைக்குப் போவார். வந்த புதிதில் ஒரு நாள் எங்கள் சாரியில் நின்றிருந்தவர், வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எங்கள் பாவைத் தாண்டிவிட்டார். என் வாய் ஏற்கெனவே பேர் போனது. சும்மா விடுவேனா?

"இன்னா மாப்ளே இது? அரிசி மூட்டைய தாண்டுறா மாதிரி தாண்டினு போறீங்க? இதாங்க எங்க சோறு!"

தெருவே சிரித்தது. அவருக்கு முகம் செத்துப்போனது. "தெரியாம பண்ணிட்டேங்க அத்தே. இனிமே தாண்ட மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு பாவு கிடந்தால், பஸ் போனாலும் போகட்டும் என்று கோடி வரை சுற்றித்தான் போவார். மாப்பிள்ளையை நான் திருத்திவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

அன்றைக்கு எங்கள் பாவு. அரக்கு நிறம், ஒரு முகூர்த்தப் புடவைக்கு. நானும் என் வீட்டுக்காரரும் அக்கம்பக்கத்து ஆட்களுமாகக் கட்டி முடித்து, இழை பிரித்துக்கொண்டிருந்தோம். தினேஷ் அவர் வீட்டுச் சாரியிலேயே நடந்து மெயின் ரோட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தடதடவென்று செருப்புச் சத்தம். பார்த்தால் அவரேதான், திரும்பி ஓடி வருகிறார். எந்தச் சாரியில் நுழைகிறோம் என்று பார்க்காமல் எங்கள் பக்கமாக நுழைந்துவிட்டார். பின்னால் வண்டிகள் உறுமுகிற சத்தம். அது என் காதில் விழவில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். விழுந்தது. அம்மனுக்குத் தெரியும்.

அவர் வீடு பாவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. வாசலில் அவர் மனைவி கவிதா நின்றிருந்தாள். ஒரே ஒரு தாண்டு தாண்டினால் வீட்டுக்குள் போய்விடலாம். காலைத் தூக்கிவிட்டார். நான் அந்த ஆளைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்தேன்.

"ஏய்! பாவு! தாண்டாதே!"

மாப்பிள்ளை என்ற மரியாதைகூட இல்லாமல் அப்படிக் கத்தினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வை இல்லை அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி. காலைக் கீழே வைத்துவிட்டு, பாவை ஒட்டியே எதிர்க் கோடியை நோக்கி ஓடினார், சுற்றிக்கொண்டு போவதற்காக. கோடியில் வைத்து வண்டிக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். முதுகில் ஒன்று, கையில் இரண்டு.

போகிற போக்கில் ஒரு வண்டி பாவுக்குள்ளேயே புகுந்து திரும்பியது. எந்த நூலுக்காகக் கத்தினேனோ அது மொத்தமும் கிழிந்து தெருவில் விழுந்தது. என் வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துப்போட்டுத் தாழ்ப்பாள் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக் கதவு அவ்வளவு நேரமும் திறந்தே கிடந்தது. "தாண்டாதே" என்று கத்திய வாய் "உள்ள வாங்க" என்று கத்தியிருக்கலாம். அந்த வார்த்தை ஏன் எனக்கு வரவில்லை?

ஆரணி ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, ரத்தம் நிறையப் போயிருக்கிறது என்று உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். சுமதியும் கவிதாவும் கூடவே போனார்கள். போவதற்கு முன்னால் சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

"நான்தான் சுமதி கத்துனேன். தாண்ட வுடாம பண்ணிட்டேன்."

"நானா இருந்தாலும் கத்திதான் இருப்பேன் வசந்தா. பாவாச்சே" என்றாள். அவளும் தறிக்காரிதானே. தெருவில் ஒருத்தர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. யாராவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு தெருக்கோடி எல்லையம்மன் கோயிலில் போய் விழுந்தேன். முதலில் நான் வேண்டியதை வெட்கத்தோடு சொல்கிறேன். "தாயே, அவரக் காப்பாத்து, பழி எம்மேல வேணாம்" என்று வேண்டினேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ஒருவர் உயிருக்குப் போராடுகிறார், நான் என் பழியைப் பற்றி பேரம் பேசுகிறேன். அடச்சீ என்று இருந்தது. விளக்கு எண்ணெய் வாங்கக்கூட மறந்து வெறுங்கையோடு வந்திருந்தேன். குங்குமத்தைத் தொடக் கை வரவில்லை.

பிறகு வேறு மாதிரி வேண்டினேன். "பழி எங்கிட்டயே இருக்கட்டும். அத எடுக்க வேணாம். அந்தப் புள்ளைய மட்டும் எடுத்துக்காதே. கவிதாவ பாரு. நான் காட்டாத வழிய நீ காட்டு." வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையும் மாலையும் போய் இதையே சொன்னேன். தறியில் உட்கார்ந்தால் தூக்கிய அந்தக் கால்தான் கண்ணில் வரும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் எங்கே ஒளிவது என்று மனசு பதறும், அடுத்த நொடியே நீ ஒளிந்ததுதான் தெரியுமே என்று அதே மனசு குத்தும்.

வேலூரிலிருந்து நல்ல சேதி வரவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை, நினைவு வந்து வந்து போகிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. பூசைக்கு நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். என் விளக்கைப் பக்கத்தில் இருந்த அக்காதான் ஏற்றிக் கொடுத்தார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே என் மடியில் போன் அதிர்ந்தது. சுமதி.

"வசந்தா, கண்ண தொறந்துட்டாரு! காச்சல் எறங்கிடுச்சு! தண்ணி குடுங்கன்னு கேட்டாரு!"

அம்மன் முன்னால் ஓவென்று அழுதேன். நீங்கள் குலவை போட்டீர்கள். டாக்டர்கள் பார்த்தார்கள், யாரோ முகம் தெரியாதவர்கள் ரத்தம் கொடுத்தார்கள், அவர்களுக்கெல்லாம் கோடி நமஸ்காரம். அவர்கள் கைக்குள் இருந்தது அவள் கைதான் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன்.

பையன்களில் சிலர் பிடிபட்டார்கள். எல்லாரும் இல்லை என்றும் பேச்சு. தெருவில் பாவு போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பயத்தை விரட்டு என்று அம்மனிடம் வேண்டினேன், அது போகவில்லை. ஆனால் பயத்தோடு என்ன செய்வது என்று புத்தி கொடுத்தாள். ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். பாவு போடுகிற விடியலில் ரோந்து வண்டி ஒரு முறை வந்து போகிறது. தெருவின் இரண்டு கோடியிலும் விசிலோடு ஒருவர் நிற்கிறார். கேட்ட புரளியை யாரும் போனில் அனுப்புவதில்லை, கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறோம். பாவு கிடக்கும்வரை இரண்டு சாரியிலும் எல்லா வீட்டுக் கதவும் தாழில்லாமல் இருக்க வேண்டும். விசில் கேட்டால் யார் எந்த வீட்டிலும் நுழையலாம். இதில் கடைசியாகச் சொன்னது நான் கேட்டு வாங்கிய ஏற்பாடு.

தினேஷ் வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். கையில் பெரிய கட்டு. நான்தான் கத்தினேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"தெரியுங்க அத்தே. உங்க குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். நீங்க கத்தலன்னா தாண்டியிருப்பேன், தப்பிச்சிருப்பேன். ஆஸ்பத்திரில படுத்துகினு அதையேதான் யோசிச்சினு இருந்தேன். உங்க மேல கோவமும் வந்துச்சு. இப்ப கோவம் இல்ல. பயந்தான் இருக்குது. வண்டி சத்தம் கேட்டா ஒடம்பு ஒதறுது."

அவர் "பரவால்ல" என்று சொல்லாததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். இடது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. லாரி ஓட்ட முடியாது, மில்லிலேயே எடை போடுகிற இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் தனியாகப் பஸ்ஸுக்குப் போகப் பயந்தார். தினமும் நான் கூடப் போகிறேன். கத்தி வந்தால் நான் என்னத்தைத் தடுக்கப்போகிறேன்? ஆனாலும் இரண்டு பேராகப் பயந்துகொண்டு நடப்பது சுலபமாக இருக்கிறது. நான் அம்மன் பேரை முணுமுணுத்துக்கொண்டே போவேன். சில நாள் அவரும் சொல்வார்.

தை பிறந்த பிறகு மறுபடியும் எங்கள் பாவு தெருவுக்கு வந்தது. தினேஷ் கோடி சுற்றி எங்கள் சாரிக்கு வந்து, பஸ்ஸுக்குப் போக எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அப்போது தெருமுனையில் ஒரு வண்டி வெடிச் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியது. விசில்கூட ஊதவில்லை. அவர் உடம்பு தானாக வீட்டைப் பார்த்துத் திரும்பியது. பாவுக்கு முன்னால் வந்து காலைத் தூக்கினார். நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். அதே பார்வை.

என் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பாவை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடித்தேன். ஈரப் பட்டு மண்ணில் பட்டது. தெருவே என்னைப் பார்த்தது. ஒரு தறிக்காரி வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தாண்டுங்க மாப்ளே! ஜல்தி! தாண்டுங்க!"

தாண்டினார். வீட்டுக்குள் போய்விட்டார். வந்த வண்டி பன் விற்கிறவருடையது. பாவம், அவர் எங்களைப் பார்த்து மிரண்டு நின்றார். பாவில் கொஞ்சம் இழை அறுந்திருந்தது. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பிணைக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தினேஷ் வெளியே வந்து, அந்தச் சாரியிலிருந்தே, "பஸ்ஸுக்கு நேரமாவுதுங்க அத்தே" என்றார்.

அக்கா தங்கைகளே, என் குற்றம் கரைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதை என்னிடமே வைக்கச் சொல்லித்தானே வேண்டினேன், அவள் வைத்துவிட்டாள். கேட்டதை மட்டும் கொடுத்தாள், அந்தப் பிள்ளையை. உங்களுக்கும் பயம் வரும். வந்தால் தாயைக் கூப்பிடுங்கள், நிச்சயம் கேட்பாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அவளைக் கூப்பிடுகிற அதே வாயால், தெருவில் ஓடி வருகிறவரையும் உள்ளே கூப்பிடுங்கள்.